ஓசூர்: பெங்களூரு வழிந்து வரும் ஊர்

கம்பெனிகள் எல்லை பார்க்கவில்லை. நுரையும் யானையும் பார்க்கவில்லை. மெட்ரோவும் விமானமும் மட்டும் எல்லை ஊரான ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

காலை ஐந்தேகால் மணி. உத்தனப்பள்ளி சாலையில் பனி இறங்கிக் கிடக்கிறது. எதிரே வரும் வண்டி பக்கத்தில் வரும்வரை வெறும் மஞ்சள் வெளிச்சம்தான். டீக்கடை அடுப்பைச் சுற்றி நிற்கும் பெண்களில் பாதிப் பேர் ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவைக் காதோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஒருத்தி ஒடியாவில் போன் பேசுகிறாள். பக்கத்தில் இருப்பவள் பென்னாகரத்துத் தமிழில், "சீக்கிரம் குடி, பஸ் வந்துடுச்சு" என்கிறாள். டீ மாஸ்டர் தெலுங்கில் சில்லறை கேட்க, கல்லாவில் இருப்பவர் கன்னடத்தில் பதில் சொல்கிறார். யாருக்கும் எதுவும் புரியாமல் இல்லை.

கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் நைட் ஷிப்ட் முடித்தவர்கள். கண் சிவந்து, பேச்சில்லாமல் விடுதிப் பக்கம் நடக்கிறார்கள். ஏறுகிறவர்கள் முதல் ஷிப்ட். இந்த நெரிசலுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போகின்றன, கொத்தமல்லிக்கட்டும் தக்காளிப் பெட்டியும் ஏற்றிய மினி லாரிகள். அவை பெங்களூரு மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். சாலையின் இருபுறமும் அறுத்த ராகி வயல். அதற்குப் பின்னால், விளக்கு அணையாத தொழிற்சாலைக் கூரை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இப்போது நடப்பதை 'தொழில் வளர்ச்சி' என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு பெருநகரம் தன் மாநிலத்தைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நகரத்தின் பெயர் பெங்களூரு. அதன் தென்கோடி, நிர்வாகக் கணக்கில், தமிழ்நாடு.

பின்தங்கிய தாலுகா

பழைய கதை நீளமில்லை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று. வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப்போன ஊர். 1824-ல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்றும் நகரத்தின் நடுவே ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. ஓசூரில் இவ்வளவு பெரிய காலியிடம் இன்னும் மிச்சமிருப்பதற்கு மாடுகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

1971-ல் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் அமைந்தது. எழுபதுகளில் ஓசூரில் தொழிற்பேட்டை வந்தபோது, அது தர்மபுரி மாவட்டத்தின் ஒரு பின்தங்கிய தாலுகா. அரசு நிலமும் சலுகையும் கொடுத்தது. ஆனால் முதலாளிகளை இழுத்தது அது மட்டுமல்ல. சென்னை இங்கிருந்து 300 கிலோமீட்டர். பெங்களூரு நாற்பதே கிலோமீட்டர். இன்ஜினியர், உதிரிபாகம் செய்கிறவர், விமான நிலையம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே. நிலமும் சலுகையும் இங்கே. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போனது. 1984-ல் மாநில அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், சில ஆண்டுகளில் ஓசூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது.

பிறகு பெங்களூரு தெற்கே நகர்ந்தது. எலக்ட்ரானிக் சிட்டி நிரம்பியது. 2010-ல் சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிவரை பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலை திறந்தது. அத்திப்பள்ளிவரை அடுக்குமாடிகள் வந்தன. அத்திப்பள்ளிக்கு அடுத்தது ஜூஜூவாடி. அது ஓசூர் மாநகராட்சி.

கடைசி அலை மின்சார வண்டியும் செல்போன் பாகமும். ஏத்தர் ஓசூரில், சிம்பிள் எனர்ஜி சூளகிரியில், ஓலா போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில், ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் கெலமங்கலம் பக்கத்தில், டெல்டா குருபரப்பள்ளியில். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இத்தனையும். 2025 செப்டம்பரில் ஓசூரில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மதிப்பு ரூ.24,000 கோடியைத் தாண்டியது.

---

பெட்டிச் செய்தி: எண்களில் ஓசூர்

2001 மக்கள்தொகை: 84,394.
2011 மக்கள்தொகை (பழைய நகராட்சி எல்லை): 1,16,821. ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஆகியவற்றைச் சேர்த்தால் சுமார் 2.45 லட்சம்.
கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது: 2004 பிப்ரவரி.
ஓசூர் மாநகராட்சியானது: 2019 பிப்ரவரி. 45 வார்டுகள், 72 சதுர கி.மீ.
முதல் மேயர் பதவியேற்றது: 2022 மார்ச்.
கிருஷ்ணகிரி நகரத்தில் இப்போது ரயில் நிலையம்: இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்த குறும்பாதை இரண்டாம் உலகப் போரோடு போய்விட்டது.

---

வீடு கட்டியவர்களும் கட்டில் பிடித்தவர்களும்

ஓசூரில் இரண்டு தலைமுறைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நகரத்துக்கு என்ன ஆனது என்று புரியும்.

எண்பதுகளின் கடைசியில் டைட்டன் ஆள் எடுத்த முறையை நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஓசூருக்கு அழைத்து வந்து, வீடு எடுத்துக் கொடுத்து, பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் அமர்த்தி, கடிகாரம் பூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். லேலண்டிலும் டி.வி.எஸ்.ஸிலும் சேர்ந்தவர்களும் அப்ரண்டிஸாக வந்து நிரந்தரமானார்கள். பி.எஃப். கடனில் மனை வாங்கினார்கள். பாகலூர் சாலையிலும் தேன்கனிக்கோட்டை சாலையிலும் இருக்கும் பழைய நகர்களில் பாதி அவர்கள் கட்டியவை. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், சங்கம் வைத்தார்கள், வார்டில் நின்றார்கள். ஊரானது அப்படித்தான்.

இப்போது வருகிறவர்களுக்கு ஊர் என்பது ஒரு கட்டில். பெரும்பாலும் இருபதுகளைத் தாண்டாத பெண்கள். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை. அதைத் தாண்டி ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம். ஓலா தன் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. டாடா எலக்ட்ரானிக்ஸிலும் பெண்களே பெரும்பான்மை. பத்தாம் வகுப்போடு கல்யாணம் பேசப்பட்ட ஒரு மலைக்கிராமத்துப் பெண் மாதச் சம்பளம் வாங்கி, வீட்டுக்கு அனுப்பி, தம்பியைப் படிக்க வைக்கிறாள் என்றால், அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தைத் திருமணத்துக்குப் பேர்போன தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது பெரிய விஷயம்.

ஆனால் அவளுடைய வேலை காண்ட்ராக்டில் இருக்கிறது, அல்லது 'டிரெய்னி' என்ற பெயரில் இருக்கிறது. ஒன்றிரண்டு வருடத்தில் முடியும். தங்குவது கம்பெனி ஏற்பாடு செய்த விடுதியில். விடுதியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லைன், லைனிலிருந்து பஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓசூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இவர்களைப் பார்க்கலாம். ரேஷன் கார்டு சொந்த ஊரில், ஓட்டும் சொந்த ஊரில். கவுன்சிலருக்கு இவர்கள் கணக்கில் இல்லை.

2025 நவம்பரில் நாகமங்கலம் அருகே ஒரு பெண்கள் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா சிக்கியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அந்த இடத்தில் அவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்பதே தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளுக்குத் தெரியாது. ஒரு பேரூராட்சி அளவு மக்கள், ஒரு கிராமப் பஞ்சாயத்தின் எல்லைக்குள். குப்பை அள்ளுவது யார், இரவில் ஒரு பெண்ணுக்கு வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, ரோந்து வருவது எந்த ஸ்டேஷன்: இந்தக் கேள்விகளை ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 படுக்கைகளுடன் பெண் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல முயற்சிதான். ஆனாலும் விடுதி விடுதிதான். கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால் அங்கே இடமில்லை. வெளியே வாடகைக்குப் போகலாம் என்றால், ஓசூரில் 'ரூம் இருக்கா?' என்று கேட்டால் முதலில் வரும் பதில் கேள்வி 'எந்தக் கம்பெனி?' என்பது. இரண்டாவது, 'பர்மனன்ட்டா?' அட்வான்ஸ் பெங்களூரு வழக்கப்படி, பத்து மாத வாடகை வரை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஐ.டி. தம்பதிக்கு அது மலிவு. லைனில் நிற்கிற பெண்ணுக்கு?

ஆற்றில் வருவது

பெங்களூருவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து சேரும் சரக்குகளில் முதன்மையானது நுரை.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. பெங்களூருவின் கிழக்குப் புறநகர் வழியாக இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிந்த நீரும் அதில் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நீர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. சாய்வு இந்தப் பக்கம்.

மழைக்காலத்தில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வரத்து கூடினால் மதகுகளைத் திறப்பார்கள். மதகின் அடியில் நீர் பீறிட்டு விழும் இடத்தில் கலக்கல், கலக்கலில் காற்று, நீரில் சலவைத்தூளின் மிச்சம். மூன்றும் சேர்ந்தால் வெள்ளைக் குவியல் ஆள் உயரத்துக்கு எழுகிறது. தட்டிகானப்பள்ளி, நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலம் இருக்கும் இடமே தெரியாது. பாலத்தின் மேல் நுரை சுவராக நிற்க, தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்சி வழி உண்டாக்கும். காற்றடித்தால் நுரை துண்டு துண்டாகப் பறந்து கொத்தமல்லிப் பாத்தியில் உட்காரும். தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் சாக்கடை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். கால்வாய்ப் பாசனத்தை நம்பி இருக்கும் எட்டாயிரம் ஏக்கர்க்காரர்கள் அந்தத் தண்ணீரில் கால் வைத்து அரிப்போடு வீட்டுக்குப் போகிறார்கள்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் மாதிரி எடுக்கின்றன. தமிழ்நாடு கர்நாடகத்தைக் கைகாட்டுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓசூரின் ராமநாயக்கன் ஏரிக்குள் இறங்கும் சாக்கடை பெங்களூருவிலிருந்து வரவில்லை. சிப்காட் வந்து ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஓசூர் முழுமைக்கும் பாதாள சாக்கடை இன்னும் ஓடவில்லை. மேலே இருக்கிறவன் நமக்குச் செய்வதை நாம் கீழே இருக்கிற கிருஷ்ணகிரி அணைக்காரனுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் வளர்கிறது. 2018 முதல் பெங்களூரு தன் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறது. பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில் யர்கோள் அருகே கர்நாடகம் அணையும் கட்டிவிட்டது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019-ல் மனு தள்ளுபடி. அழுக்கை அனுப்பாதே என்று கேட்கிறோம். அழுக்கில்லாத நீரை அவர்களே வைத்துக்கொண்டால் பெண்ணையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு ஓசூரில் இப்போதே விவசாயிகள் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

குடிநீருக்கு ஒகேனக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் அரித்த ஃபுளோரைடுக்குத் தீர்வாக வந்த திட்டம் அது. 2008-ல் அடிக்கல் போட்டதும் கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது. கடைசியில் ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் முடிந்து 2013 மே மாதம் தொடங்கியது. காவிரி அங்கே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டரில் ஓடுகிறது. ஓசூர் 900-ல் இருக்கிறது. ஒவ்வொரு குடமும் அவ்வளவு உயரம் பம்ப் ஏறி வர வேண்டும். ஃபுளோரைடு கிராமங்களுக்காகப் போட்ட கணக்கில் இந்தப் புது ஆலைகளும் விடுதிகளும் இல்லை. பற்றாக்குறைக்கு லாரித் தண்ணீர். லாரிக்கு ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்.

ஒரு தண்டவாளம், இரண்டு மின்சாரம்

2025 ஆகஸ்ட் 10-ம் தேதி பெங்களூருவின் மஞ்சள் தடம் மெட்ரோ திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். அதை நீட்டினால் போதும் என்று எவருக்கும் தோன்றும். தமிழ்நாடு ஆய்வும் செய்தது. பெங்களூரு மெட்ரோ நிறுவனம் சாத்தியமில்லை என்று சொல்லிவிட்டது. காரணம் தொழில்நுட்பம்: பெங்களூரு மெட்ரோ தரையோடு போகும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது, சென்னை மெட்ரோ தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை எடுத்து ஓடுகிறது. ஓசூர் தடத்தைச் சென்னை முறையில் யோசித்ததால் இரண்டும் ஒட்டவில்லை.

பொம்மசந்திராவில் இறங்கி எதிர் பிளாட்பாரத்தில் வேறு வண்டி ஏறுவது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. தினமும் பைக்கில் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிப் போய் வருகிறவர்களைக் கேட்டால் எந்த வோல்ட்டில் வேண்டுமானாலும் ஏறத் தயார் என்பார்கள். மின்சாரத்தை விடப் பெரிய தடை, கன்னட அமைப்புகள் சில வெளிப்படையாகச் சொன்னதுதான்: ஓசூருக்கு மெட்ரோ போனால் கம்பெனிகளும் வாடகைக்காரர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்ற அச்சம். பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் ஒரு தடமும் ஹீலலிகேயுடன் நிற்கிறது. அங்கிருந்து ஓசூர் அதிக தூரமில்லை.

விமான நிலையக் கதையும் இதேதான். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 110 விதியின் கீழ் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம். ஓசூருக்கு ஓடுபாதை புதிதல்ல. பேலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் ஓடுதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தடை தேவனஹள்ளியில் இருக்கிறது. பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தப்படி, அது திறந்து 25 ஆண்டுகள் ஆகும்வரை, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் இன்னொரு சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது. மேலே வான்வெளி எச்.ஏ.எல். கட்டுப்பாட்டில். இதற்கிடையே கர்நாடகம் பெங்களூருவின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் கனகபுரா சாலைப் பக்கமும் நெலமங்கலா பக்கமும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே பயணியைப் பிடிக்க இரண்டு மாநிலங்கள் இரண்டு ஓடுபாதை போடப் பார்க்கின்றன.

இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும். வரப்போகும் சென்னை-பெங்களூரு விரைவுச்சாலை, 262 கிலோமீட்டர், ஓசூர் வழியாகவும் வரவில்லை, கிருஷ்ணகிரி வழியாகவும் வரவில்லை. ஹொஸ்கோட்டே, மாலூர், கோலார் தங்கவயல், பலமநேர், ராணிப்பேட்டை வழி. கிருஷ்ணகிரிக்காரர்கள் ரயிலைத்தான் இழந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

---

பெட்டிச் செய்தி: லாகோஸும் ஓகுனும்

நைஜீரியாவின் லாகோஸ், ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்று. 1991-ல் தலைநகரம் அபுஜாவுக்குப் போனபிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. லாகோஸ் மாநிலம் பரப்பில் நாட்டிலேயே சிறியது. நகரம் அதற்குள் அடங்கவில்லை. பக்கத்து ஓகுன் மாநிலத்துக்குள் வழிந்தது. ஓகுனின் அக்பாரா, ஓட்டா ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள். லாகோஸ்-இபாதான் நெடுஞ்சாலையோரம் மோவே, இபாஃபோ என்று குடியிருப்புகள். மலிவான வாடகைக்காக எல்லை தாண்டிக் குடியிருந்து, விடியும் முன்னே லாகோஸ் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் அங்கே ஏராளம். சாலை மோசம், நெரிசல் மோசம், வரி யாருக்கு என்ற சண்டை வேறு. 2021-ல் இரு மாநில ஆளுநர்களும் எல்லைப்பகுதியைச் சேர்ந்து வளர்ப்பதற்கான கூட்டு ஆணையத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது எவ்வளவு வேலை செய்யும் என்பது வேறு விஷயம். பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் இடையே அப்படி ஒரு காகிதம்கூட இல்லை.

---

ராகிக்கு வரும் யானை, நிலத்துக்கு வரும் நோட்டீஸ்

அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கும். சானமாவு காட்டுக்கு வந்து தங்கி, இரவில் ராகி வயலுக்குப் போகும். பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையைக் கூட்டமாகக் கடக்கும்போது வனத்துறை வண்டிகளை நிறுத்தி வழிவிடும். இருபது முப்பது யானைகள் கண்டெய்னர் லாரிகளுக்கு முன்னால் கடந்து போவதை இந்தியாவின் வேறெந்தத் தொழில் நகரத்திலும் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டோரம் இரும்பு வடக் கம்பி வேலி போடுகிறார்கள். யானை அதற்கும் வழி கண்டுபிடிக்கிறது. முன்பு யானைக்கும் விவசாயிக்கும்தான் தகராறு. இப்போது லேஅவுட்காரரும் நடுவே வந்துவிட்டார். பெங்களூருவைச் சுற்றி வரும் 280 கிலோமீட்டர் சேட்டிலைட் ரிங் ரோடும் ஓசூரைத் தொட்டுக்கொண்டு இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட்டுக்காக 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கப்போகிறார்கள் என்றதும் விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் தொழிற்சாலை வேண்டாம் என்று சொன்னதாக எழுதுவது சரியில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தரிசு இருக்க, மூன்று போகம் விளையும் பூமியை ஏன் கேட்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஓசூர் மண் சாதாரணமானதல்ல. இங்கிருந்து காதலர் தினத்துக்கு ரோஜா விமானம் ஏறி வெளிநாடு போகிறது. 'தாஜ்மகால்' என்ற சிவப்பு ரகத்துக்குத் தனி மவுசு. ராயக்கோட்டைத் தக்காளி சென்னை மார்க்கெட்டின் விலையை ஏற்றி இறக்கும். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பணம் வந்தால் பெங்களூரில் கட்டடம் வாங்குவார். ஒரு ஏக்கரில் கொத்தமல்லியும் பீன்ஸும் மாற்றி மாற்றிப் போட்டுப் பிழைப்பவருக்கு, வரும் பணத்தில் இதே ஊரில் ஒரு சென்ட் மனைகூடத் தேறாது. ஏனென்றால் விலையைத் தீர்மானிப்பது ராகி அல்ல, 'எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இருபதே நிமிடம்' என்ற போர்டு. அந்த இருபது நிமிடம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் சாத்தியம் என்பது மனை வாங்கிய பிறகு தெரியும்.

எல்லை மூடும் நாள்

சாதாரண நாளில் எல்லையை யாரும் கவனிப்பதில்லை. ஓசூர்க்காரருக்குப் பெரிய வைத்தியம் பெங்களூரில், புதுப்படம் பெங்களூரில், பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஆனேக்கல், மாலூர் பக்கம். தாய்மொழி தெலுங்கோ கன்னடமோ உருதுவோ ஆனவர்கள் இந்த ஊரில் ஏராளம்; அந்த மொழிகளில் அரசுப் பள்ளிகளும் உண்டு.

காவிரிப் பிரச்சினை வரும் நாளில் எல்லை தெரியும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தபோது, ஓசூரோடு பஸ்கள் நின்றன. கைக்குழந்தையும் டிராலி பெட்டியுமாக ஜனங்கள் ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்கு நடந்து போனார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அதே இடத்தில் இ-பாஸ். இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இரண்டு அரசுகளின் படிவத்தையும் நிரப்பினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருக்கும் பட்டாசுக் கடைகளில் ஒன்று 2023 அக்டோபரில் தீப்பிடித்தபோது இறந்தவர்கள் பெரும்பாலும் தீபாவளி சீசன் கூலிக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். விபத்து கர்நாடகத்தில், சவ ஊர்வலம் தர்மபுரி மாவட்டத்தில்.

கூட்டு ஆணையம் என்றால் அரசியல்வாதிகள் பயப்படுகிறார்கள். காவிரி, பெண்ணை, மேகதாது அணை என்று பேச ஆரம்பித்தால் முடியாத வழக்குகள் இருக்கும்போது, மெட்ரோவையும் சாக்கடையையும் சேர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? ஆனால் பெரிய விஷயங்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சின்னதாக ஆரம்பிக்கலாம். கொடியாளத்தில் ஆற்று நீரின் தரத்தை இருவரும் சேர்ந்து ஒரே கருவியில் அளந்து, ஒரே எண்ணை வெளியிடலாம். அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு நகரப் பேருந்து, இரு மாநிலத்துக்கும் ஒரே டிக்கெட். யாரும் தண்ணீர் இழக்கப்போவதில்லை.

சென்னைக்கும் இதில் வேலை இருக்கிறது. விஸ்வநாதபுரத்தில் ரூ.400 கோடியில் டைடல் பூங்கா, அறிவுசார் பெருவழித்தடம் என்று பட்ஜெட்டில் அறிவிப்புகள் வருகின்றன. ஆனால் 2025 ஜூனில் பஸ் நிலையம் எதிரே உள்ள மேம்பாலத்தில் இணைப்பு விலகி, வண்டிகளைத் திருப்பிவிட்டபோது ஊரே பல நாள் ஸ்தம்பித்தது. ஒரு மேம்பாலம் பழுதானால் மாற்றுவழி இல்லாத ஊருக்கு அடுத்த ஐம்பதாயிரம் வேலைகளைக் கொண்டுவருகிறோம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். அதுவரை ஓசூரின் குடிநீர், சாலை, நிதிப் பங்கீடு எல்லாவற்றுக்கும் அடிப்படை 2011-ன் எண்தான். ஓலாவும் ஏத்தரும் டாடா எலக்ட்ரானிக்ஸும் வருவதற்கு முந்தைய எண். கணக்கெடுப்பில் தொழிலாளர் விடுதிகள் குடும்பம் என்று வருவதில்லை, 'நிறுவனக் குடும்பம்' என்ற தனி இனத்தில் வரும். விடுதிகளில் பலவும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, கிராம ஊராட்சிகளில். அதனால் உத்தனப்பள்ளி பஸ்ஸில் ஏறிய அந்தப் பெண்கள் ஒழுங்காக எண்ணப்பட்டாலும், அவர்கள் பேரில் வரும் நிதி ஓசூருக்குப் போகாது. பதினைந்தாயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாத ஏதோ ஒரு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகும். சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்ப்பதா, கெலமங்கலம் - உத்தனப்பள்ளிப் பகுதிக்குத் தனி நகராட்சி அமைப்பதா என்ற முடிவை அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று ஊராட்சிகள் இணைப்பை எதிர்க்கின்றன. அவர்கள் பயத்துக்கும் காரணம் இருக்கிறது: முன்பு சேர்ந்த ஜூஜூவாடியில் வரி உடனே வந்தது, சாக்கடை வரவில்லை.